நெட் பார்க்க ஒரு லேப்டாப்: எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போகும் முன்

பெங்களூர்த் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். நான் லேப்டாப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்திலிருந்து நம்மவர்கள் வந்து அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, கேம் எல்லாம் வேண்டாம், நெட் பார்த்தால் போதும். கம்மி விலையில் எதை வாங்கலாம்?” இன்றைக்கு எனக்குக் கிடைத்திருக்கும் நேரத்தில் அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

நெட் பார்ப்பது லேசான வேலை என்று நினைத்துத்தான் பலரும் இருப்பதிலேயே விலை குறைந்த புது லேப்டாப்பை வாங்கிவிடுகிறார்கள். முன்பு அது சரியாக இருந்திருக்கலாம். இப்போது ஒரு வங்கித் தளமோ செய்தித் தளமோ திறந்தாலே விளம்பரம், வீடியோ, பின்னணியில் ஓடும் நிரல்கள் எல்லாம் சேர்ந்து, ஒரே டேப் சில நூறு எம்பி ராமை, அதாவது வேலை நடக்கும்போது லேப்டாப் பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தை, தின்றுவிடும். பெஸ்காம் கரண்ட் பில் கட்ட ஒரு டேப், சேலத்துக்கு டிக்கெட் பார்க்க ஒன்று, பிள்ளையின் பள்ளித் தளம் ஒன்று, நடுவில் ஊரிலிருந்து அம்மாவின் வீடியோ கால். 4 ஜிபி ராம் உள்ள மெஷின் இங்கேயே திணற ஆரம்பிக்கும். விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பது உண்மைதான். விண்டோஸ் எழுந்து நிற்க அது போதும், நீங்கள் வேலை பார்க்கப் போதாது. 8 ஜிபிக்குக் கீழே வாங்கவே வாங்காதீர்கள்.

“பின்னால் ராம் கூட்டிக்கொள்ளலாம் சார்” என்று கடையில் சொல்வார்கள். ஸ்லாட் இருக்கிறதா, போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டியதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மெல்லிசான மாடல்கள் பலவற்றில் சால்டர்தான், கூட்டவே முடியாது. தவிர, 2025 கடைசியிலிருந்து ராம் விலை நன்றாக ஏறிவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செலவு அதிகம்.

அடுத்து ஸ்டோரேஜ். விலை குறைந்த புது லேப்டாப்கள் சிலவற்றில் ‘இஎம்எம்சி’ என்று போட்டிருக்கும். அது போன்களில் இருப்பதுபோல போர்டிலேயே பதித்த மெமரி. வேகம் குறைவு, கெட்டால் மாற்றவும் வழியில்லை. 64 ஜிபி அளவில் வருவதில் விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் பத்தாமல் அல்லாடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகம் இல்லாத வேகமான ஸ்டோரேஜ், என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும், 256 ஜிபி போதும். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், 1 டிபி என்று சொன்னாலும் மயங்காதீர்கள். நெட் பார்க்கிறவருக்கு அவ்வளவு இடம் எதற்கு?

இப்போது திரை. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் விலை பேசும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. மலிவான லேப்டாப்களில் ‘எச்டி’ என்று போட்டிருந்தால் அது 1366க்கு 768 புள்ளிகள். ‘ஃபுல் எச்டி’ என்றால் 1920க்கு 1080, ஏறக்குறைய இரண்டு மடங்கு புள்ளிகள். ஆங்கிலம் மட்டும் படிக்கிறவர் எச்டி திரையைச் சகித்துக்கொள்ளலாம். நம் எழுத்துக்கு அது கஷ்டம். ணகரத்தின் சுழி, றகரத்தின் வால், மெய்யெழுத்தின் மேல் நிற்கும் சின்னப் புள்ளி, இகர ஈகாரக் கொக்கிகள் எல்லாம் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கிப்போகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். நம் பெரியவர்கள் பலர் அதற்காகவே லேப்டாப் கேட்கிறார்கள். அந்தப் பக்கங்களை எச்டி திரையில் ஒரு மணி நேரம் படித்தால் கண் எரியும்.

புள்ளிக் கணக்கோடு இன்னொன்றும் உண்டு. திரை ‘டிஎன்’ வகையா, ‘ஐபிஎஸ்’ வகையா என்று பாருங்கள். டிஎன் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலும் நிறம் வெளுத்துவிடும். தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோ காலில் பேச அது உதவாது. கடையில் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறக்கச் சொல்லி, நேராக ஒரு முறை, பக்கவாட்டில் நின்று ஒரு முறை பாருங்கள். உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

லேப்டாப்பின் மூளையான ப்ராசஸரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், எனவே சுருக்கமாக முடிக்கிறேன். இன்டெல்லின் ஐ3, ஐ5, ஐ7 என்ற ஸ்டிக்கரை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறையைச் சொல்லும். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்றாம் தலைமுறை. 2013இல் வந்த நான்காம் தலைமுறை ஐ7ஐ “சார், ஐ7 சார்” என்று சொல்லியே இன்னும் விற்கிறார்கள். அதைவிடப் பதினொன்றாம் தலைமுறை ஐ3 உங்களுக்கு எவ்வளவோ மேல். யூடியூப் வீடியோக்களைச் சுருக்கி அனுப்பும் புதிய முறைகளை அதன் வன்பொருளே பிரித்துவிடும், உள்ளே இருக்கும் ஃபேன் கத்தாது. புது லேப்டாப்தான் வேண்டும், ஆனால் பணம் குறைவு என்றால் இன்டெல் என்100 போதும். பெயர் சின்னதாக இருந்தாலும் நாலு கோர் உள்ள ப்ராசஸர் அது.

சரி, என் கருத்தை நேராகவே சொல்கிறேன். 25,000 ரூபாய்க்குள்தான் கையில் இருக்கிறது என்றால், மட்டமான புதிய லேப்டாப்பைவிட, கம்பெனிகளிலிருந்து திரும்பி வந்த பழைய பிசினஸ் லேப்டாப்தான் நல்லது. பெங்களூரில் இருக்கிற நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உள்ள நிறுவனங்கள் சில வருடங்களுக்கு ஒரு முறை லேப்டாப்களை மொத்தமாக மாற்றுகின்றன. குத்தகை முடிந்த திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்ற பிசினஸ் மாடல்கள் எல்லாம் சுத்தம் செய்யப்பட்டு எஸ்.பி. ரோட்டுக்கு வந்து சேருகின்றன. தினமும் எட்டு, பத்து மணி நேரம் தட்டுவதற்கென்று செய்த கீபோர்டு, உறுதியான கீல், பெரும்பாலான மாடல்களில் திறந்து மாற்றக்கூடிய எஸ்எஸ்டி, பேட்டரி. எனக்கும் அவற்றைப் பழுதுபார்ப்பது சுலபம்.

ஆனால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறையாகப் போட வேண்டுமானால், இன்டெல்லில் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறை மெஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு நன்றாகவே ஓடும். நாளைக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வங்கிக் கணக்கைத் திறக்கிற லேப்டாப்பில் அந்த ஆபத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, பூட்டு. ஆன் செய்யும்போதே பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் அடிப்படை செட்டிங்ஸுக்குள், போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம் விண்டோஸை ரீசெட் செய்து, கடையிலேயே வைஃபையில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி, அலுவலக ஐடி போடு என்று கேட்டால், அந்த லேப்டாப்பைப் பழைய நிறுவனம் தன் பட்டியலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை என்று பொருள். அது உங்களுக்கு வேண்டாத தலைவலி.

மூன்றாவது, பேட்டரி. விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி இருக்கிறது, கடைக்காரருக்குத் தெரியும், கேளுங்கள். செய்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாகச் சார்ஜ் ஏறும் அளவும் அதில் வரும். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

விண்டோஸுக்குப் பதில் கூகுளின் க்ரோம் ஓஎஸ்ஸில் ஓடும் க்ரோம்புக் லேப்டாப் பற்றியும் கேட்கிறார்கள். நெட் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவருக்கு, குறிப்பாகத் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, அது உண்மையிலேயே நல்லது. அப்டேட் எதுவரை வரும் என்ற தேதி செட்டிங்ஸில் இருக்கும். 2021 முதல் வந்த மாடல்களுக்குக் கூகுள் 10 வருட அப்டேட் தருகிறது. அந்த 10 வருடத்தை அந்த வகை வெளிவந்த நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வரித் தளங்களில் வேலை செய்யும் சிறு வணிகர்கள் மட்டும் விண்டோஸிலேயே இருங்கள்.

எதை வாங்கினாலும் பில் வாங்குங்கள். பழையது என்றால் பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும், லேப்டாப்பின் அடியில் இருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். திருட்டுப் பொருள் கைக்கு வராமல் இருக்க அதுதான் பாதுகாப்பு. கடை வாரண்டி எத்தனை மாதம், திரைக்கும் போர்டுக்கும் சேர்த்தா என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் காலையில், சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்து போனால் கூட்டம் சேருவதற்குள் இதையெல்லாம் நிதானமாகப் பார்த்துவிடலாம். வணக்கம்.