பிள்ளைக்கு வேண்டியதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கர்ப்பிணிப் பெண்ணிடம் "இரும்புச் சத்து மாத்திரை ஒழுங்கா போடுதியாம்மா?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் மாமியார் முந்திக்கொள்வார்: "பிள்ளைக்கு வேண்டியத பிள்ளை எடுத்துக்கிடும் டாக்டர்." குளச்சல் பக்கத்திலும் கேட்டிருக்கிறேன், குலசேகரம் ரப்பர் தோட்டப் பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் எனக்குக் கவலை.

தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை. நடுவில் நஞ்சுக்கொடியின் செல் படலம் இருக்கிறது. தாயின் ரத்தத்தில் இரும்பைச் சுமந்து வருவது டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம்; ஒன்றில் இரண்டு இரும்பு அணுக்கள் ஏறும். படலத்தின் தாய்ப் பக்கத்தில் அதைப் பிடிக்கும் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. பிடித்ததும் செல் அதை ஒரு நுண்ணிய பைக்குள் இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூட, இரும்பு கழன்றுவிடுகிறது. வெறும் டிரான்ஸ்ஃபெரின் தாயின் ரத்தத்துக்கே திரும்பிவிடும். இரும்பு மட்டும் செல்லைக் கடந்து, ஃபெர்ரோபோர்ட்டின் என்ற வாசல் வழியாகப் பிள்ளையின் பக்கம் போகிறது.

செல்லுக்குள் இரும்பு குறைந்தால், அதை உணரும் புரதங்கள் விழித்துக்கொள்ளும். ஏற்பிகளைச் செய்யச் சொல்லும் செய்திக்குறிப்பான ஆர்.என்.ஏ. சிதையாமல் பிடித்துக்கொள்ளும். ஏற்பிகள் பெருகும், தாயிடமிருந்து இழுப்பது கூடும். மாமியார் சொன்ன பாதி இதுதான்.

ஆனால் அதே புரதங்கள் மறுபக்கத்து வாசலைச் செய்யும் வேலையைத் தடுக்கவும் செய்யும். தாய்க்குக் கடுமையான குறைபாடு இருந்தால் ஃபெர்ரோபோர்ட்டின் குறைகிறது என்று எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. நஞ்சுக்கொடிக்கும் உயிர் பிழைக்க இரும்பு வேண்டும். முதலில் தன்னைக் காத்துக்கொள்கிறது. பிள்ளைக்குப் போவது குறைகிறது. வளரும் மூளைக்கு வேண்டிய இரும்பும் அதில்தான் அடக்கம்.

ஒரு கர்ப்பகாலத்துக்கு மொத்தம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பிள்ளை தன் பங்கில் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்க்கிறது. பிறந்த பிறகு சுமார் ஆறு மாதத்துக்கு அந்தச் சேமிப்பைத்தான் பெரிதும் நம்பியிருக்கும், ஏனென்றால் தாய்ப்பாலில் இரும்பு குறைவு. சரி, அந்தக் கடைசி மாதங்களில் தாயின் உடம்பும் ஒத்துழைக்கிறது. இரும்பை உள்ளே விடாமல் தடுக்கும் ஹெப்சிடின் ஹார்மோன் வெகுவாகக் குறைந்து, குடல் கூடுதலாக உறிஞ்சத் தொடங்குகிறது. உறிஞ்ச ஏதாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் மரச்சீனிக் கிழங்கில் இரும்பு அதிகமில்லை. கூட வைக்கும் சாளை மீன்கறிதான் கைகொடுக்கும். ஆனால் சாப்பிட்ட கையோடு கட்டன்சாயா குடித்தால், கிழங்கிலும் கீரையிலும் இருக்கிற இரும்பைத் தேயிலை கட்டிப்போட்டுவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது; நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள்.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்துதான் பலர் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது, கெடுதல் இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ஊசி வழியாக இரும்பு ஏற்றவும் வழி இருக்கிறது.

வணக்கம்.