ஒரு கட்டத்துக்குள் ஒரு மாடு

அனைவருக்கும் வணக்கம். கார்ட்டூனைப் பற்றிப் பேச வந்தவன் கையில் ஒரு படம்கூட இல்லை. திரை, புரொஜெக்டர் எதுவும் வேண்டாம் என்று நானேதான் சொல்லிவிட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். இப்போது ஒரு படத்தைச் சொல்கிறேன், நீங்கள் மனதுக்குள் வரைந்துகொள்ளுங்கள்.

பனி மூடிய மலைச்சரிவு. ஒருவர் பனிச்சறுக்குக் கட்டைகளில் கீழே இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் பனியில் இரண்டு கோடுகள், கட்டைகள் பதித்த தடம். வழியில் ஒரு மரம். இடது தடம் மரத்துக்கு இடப்பக்கமாக வந்திருக்கிறது. வலது தடம் வலப்பக்கமாக வந்திருக்கிறது. மரத்தைத் தாண்டியதும் இரண்டும் பழையபடி நெருங்கி ஜோடியாகப் போகின்றன. சற்றுத் தள்ளி இன்னொருவர் நின்று பார்க்கிறார். அவ்வளவுதான். படத்துக்குக் கீழே ஓர் எழுத்துக்கூட இல்லை.

பின்வரிசையில் ஒருவர் இப்போதுதான் சிரிக்கிறார். நல்லது, அந்தத் தாமதம்தான் நமக்கு வேண்டும்.

சார்லஸ் ஆடம்ஸ் 1940இல் நியூயார்க்கர் வார இதழில் வெளியிட்ட படம் இது. அந்த மனிதர் மரத்தைக் கடந்தது எப்படி? ஆடம்ஸ் அதை வரையவில்லை. கடந்து முடிந்த பிறகு என்ன மிஞ்சியதோ அதை மட்டும் வரைந்தார். கடந்த அந்த நொடியை வரைய முயல்வது நம் தலை. ஒரு காலை இந்தப் பக்கம் வைத்துப் பார்க்கிறது, உடம்பை மரத்துக்குள் விட்டுப் பார்க்கிறது, ஒன்றும் சரிப்படவில்லை. கையை விரித்துவிட்டுச் சிரிக்கிறது.

மூன்று நான்கு கட்டங்களில் ஓடும் தொடர் சித்திரத்துக்கு முன்னும் பின்னும் உண்டு, கதையை ஓட்ட இடம் உண்டு. ஒற்றைக் கட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. எல்லாம் நடந்து முடிந்திருக்க வேண்டும், அல்லது இனிமேல்தான் நடக்க வேண்டும். 1941இல் பீட்டர் ஆர்னோ வரைந்த படத்தில் ஒரு விமானம் தரையில் விழுந்து நொறுங்கியிருக்கிறது. எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். ஒருவர் மட்டும், சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிர்த்திசையில் நிதானமாக நடந்து வருகிறார். 'சரி, மறுபடி வரைபலகைக்கே போகவேண்டியதுதான்' என்கிறார். ஆங்கிலத்தில் அந்த வரி மரபுத்தொடராகவே ஆகிவிட்டது. இன்று அதைச் சொல்பவர்களில் பலருக்கு அதன் பின்னால் ஒரு விமானம் கிடப்பது தெரியாது.

இவை வார இதழ்க் கதை. நாளிதழுக்கு வருவோம். நாளிதழின் அரசியல் கார்ட்டூனுக்கு நேற்றைய செய்தி தெரிந்திருக்க வேண்டும். அபத்தக் கார்ட்டூனுக்கு எந்தச் செய்தியும் வேண்டாம். மாடு என்றால் என்ன, கொசு என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். அந்த வகையில் யாரும் கேரி லார்சனைத் தாண்டியதாக நான் நினைக்கவில்லை. 1979இல் சியாட்டில் நாளிதழ் ஒன்றில் வாரம் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். அதைக் குழந்தைகளின் புதிர்ப் பகுதிக்குப் பக்கத்தில் போட்டார்கள். புகார்கள் வந்தன, நிறுத்திவிட்டார்கள். நல்லவேளையாக, அதற்குள் சான்பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் அவரைப் பிடித்துக்கொண்டது. 1980 ஜனவரி 1 அன்று அவருடைய கட்டம் 'தி ஃபார் சைடு' என்ற பெயரில் தொடங்கியது. சரியாகப் பதினைந்து வருடம் கழித்து அவரே நிறுத்தியபோது சுமார் 1,900 நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது.

அவருடைய படங்களில் எல்லோரையும் குழப்பிய ஒன்று உண்டு. 1982 அக்டோபரில் வந்தது. ஒரு மாடு பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்னால் ஒரு மேஜை. மேஜைமேல் கோணல்மாணலாக நான்கு பொருள்கள். கீழே 'மாட்டின் கருவிகள்' என்று எழுதியிருக்கிறது. மாடு நம்மைப் பார்க்கிறது. அதன் முகத்தில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

கடிதங்கள் வந்து குவிந்தன. தொலைபேசி ஓயவில்லை. 'என்ன அர்த்தம், தயவுசெய்து சொல்லுங்கள்' என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். கடைசியில் லார்சன் பத்திரிகைகளுக்கு விளக்க அறிக்கையே கொடுக்க வேண்டியதாயிற்று. கருவி செய்யத் தெரிந்த விலங்கு மனிதன் என்கிறார்களே, மாடு கருவி செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தாராம். மாடு செய்தது மாடு செய்த மாதிரிதான் இருக்கும். அவ்வளவுதான் ஜோக். ஆனால் ஒரு தவறு செய்துவிட்டார். நான்கில் ஒன்றை ரம்பம் போலத் தெரியும்படி வரைந்துவிட்டார். ஒன்று ரம்பம் என்றால் மற்ற மூன்றும் ஏதோ ஒன்றாக இருக்கத்தானே வேண்டும்? வாசகர்கள் அந்த மூன்றையும் கண்டுபிடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

இதைத் தோற்றுப்போன கார்ட்டூன் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பனிச்சறுக்குப் படத்தில் நம் தலை செய்த அதே வேலையைத்தான் அந்த வாசகர்களும் செய்தார்கள். அங்கே அரை நொடியில் கையை விரித்துவிட்டோம். இங்கே அந்த ரம்பம் யாரையும் கையை விரிக்க விடவில்லை.

அபத்தம் என்றால் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அதில் பொய் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். லார்சன் ஒரு கொசுவை வரைந்தார். வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வரும் கணவன் கொசு, இன்று பாதி நாட்டுக்கு மலேரியா பரப்பிவிட்டேன் என்கிற மாதிரி மனைவியிடம் அலுத்துக்கொள்கிறது. உயிரியல் தெரிந்தவர்கள் உடனே எழுதினார்கள்: கடிப்பது பெண் கொசுதான், ஆண் கொசு கடிக்காது! லார்சனே பிறகு இதைச் சொல்லி வியந்திருக்கிறார். கொசுக்கள் உடை உடுத்துவதைப் பற்றியோ, வீடு கட்டிக் குடியிருப்பதைப் பற்றியோ, ஆங்கிலம் பேசுவதைப் பற்றியோ யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் எழுதியவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள் என்பேன். உடை உடுத்திய கொசு, நாமும் ஒப்புக்கொண்ட பொய். ஆண் கொசு கடிப்பது ஒப்பந்தத்தில் இல்லாத பொய்.

1982இல் வந்த இன்னொரு படத்தில், குகை மனிதர்களுக்கு ஒருவர் டைனோசர் பற்றி வகுப்பு எடுக்கிறார். ஸ்டெகோசாரஸின் வால் முட்களுக்கு 'தாகோமைசர்' என்று பெயராம், அதில் குத்துப்பட்டுச் செத்த தாக் என்பவரின் நினைவாக. அந்த உறுப்புக்கு அதுவரை அறிவியலில் தனிப்பெயர் இல்லை. 1993இல் ஒரு தொல்லுயிரியலாளர் மாநாட்டில் அதே பெயரைப் பயன்படுத்தினார், மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம், படமும் அதன் கீழுள்ள வரியும் எப்படிக் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன என்று பார்க்க யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. 1981இல் அமெரிக்காவின் டேட்டன் நகர நாளிதழ் ஒன்றில் தெரியாமல் நடந்துவிட்டது. லார்சனின் கட்டமும், 'டென்னிஸ் தி மெனஸ்' என்ற குறும்புப் பையனின் கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒருநாள் வரிகள் இடம் மாறிவிட்டன. லார்சனின் படத்தில் பாம்புக் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. குட்டிப் பாம்பு, 'சே, மறுபடியும் வெள்ளெலியா!' என்று சலித்துக்கொள்ள வேண்டும். அச்சான பத்திரிகையில் அந்தப் பாம்பு, 'நல்லவேளை நான் வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச் செய்யக் கற்றுக்கொண்டேன், இல்லாவிட்டால் பட்டினிதான்' என்றது. பக்கத்தில் டென்னிஸ் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு, மறுபடியும் வெள்ளெலியா என்று கேட்டான். இரண்டு படங்களும் முன்பைவிட நன்றாக இருந்தன என்று லார்சனே ஒப்புக்கொண்டார். கையில்லாத பாம்பு சாண்ட்விச் செய்வதை நினைத்துப் பாருங்கள். யாரும் வரையவில்லை, ஆனால் இப்போது உங்களுக்குத் தெரிகிறது.

கடைசியாக மறுபடியும் நியூயார்க்கர். ஜேம்ஸ் தர்பர் எழுத்தாளர். படம் வரையக் கற்றவர் அல்ல. ஒருநாள் பென்சிலால் ஒரு சீல் வரைந்தார், பாறைமேல் உட்கார்ந்திருக்கிற சீல். (கடல்நாய் என்று தமிழில் சொல்லலாம். சொன்னால் நாய் குரைப்பதில் என்ன இருக்கிறது என்று ஜோக் செத்துவிடும். அதனால் சீல் என்றே இருக்கட்டும்.) நண்பர் ஈ.பி.ஒயிட் அதற்கு மை பூசி இதழுக்கு அனுப்பினார். படம் திரும்பி வந்தது. கூடவே ஓவிய ஆசிரியரின் குறிப்பு: சீலின் மீசை இப்படித்தான் போகும் என்று வரைந்தே காட்டியிருந்தார். ஒயிட் விடவில்லை. 'தர்பரின் சீலுக்கு மீசை இப்படித்தான் போகும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

பிறகு தர்பர் அதே படத்தை மறுபடி வரைந்தபோது பாறை சரியாக வரவில்லை. பார்த்தால் கட்டிலின் தலைப்பலகை மாதிரி இருந்தது. சரி, கட்டிலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதில் ஒரு கணவனையும் மனைவியையும் படுக்க வைத்தார். 1932இல் அச்சான அந்தப் படத்தில் மனைவி எரிந்து விழுகிறாள்: 'சரி, உங்கள் இஷ்டம். சீல் குரைத்தது உங்கள் காதில் விழுந்தது, போதுமா!' கணவன் பேசவில்லை. சீல் அவர்கள் தலைக்குப் பின்னால்தான் இருக்கிறது, மீசையோடு.