திரும்பிப் போக அம்பது வருஷம்

வணக்கம் நேயர்களே. ஜப்பான்ல அவோகஷிமான்னு ஒரு குட்டித் தீவு இருக்கு, அதப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன். டோக்கியோவுக்குத் தெக்க சுமார் 360 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடல்ல கிடக்குது, ஆனா நிர்வாகக் கணக்குப்படி அது டோக்கியோவச் சேர்ந்ததுதான். மொத்தமே 6 சதுர கிலோமீட்டர் கூட வராது, ஜனம் ஒரு 170 பேர் அளவுக்குத்தான், ஜப்பான்லயே மக்கள்தொகை ரொம்பக் கம்மியான கிராமம் இதுதான்.

தீவே ஒரு எரிமலைங்க. பெரிய சட்டி ஒண்ணு, அதுக்குள்ள சின்ன சட்டியக் கவுத்து வச்ச மாதிரி மருயமான்னு ஒரு குன்னு, ஜனங்க குடியிருக்கறது சட்டிக்கு வெளிய வடக்குப் பக்கத்து மேட்டுல. உள்ள தரையில ஓட்டை ஓட்டையா ஆவி வரும், அதுக்கு அந்த ஊர்க்காரங்க வச்ச பேரு ஹிங்யா. அந்த ஆவியிலயே முட்டை, சக்கரவள்ளிக் கிழங்கெல்லாம் வேக வைக்கிறாங்க, கடல் தண்ணிய அந்தச் சூட்டுல வத்த வச்சு உப்பும் எடுக்கறாங்க.

ஆனா இதே மலைதான் 1785ல வெடிச்சுச்சு. அப்ப தீவுல 327 பேரு. வடக்க சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துல ஹச்சிஜோன்னு ஒரு தீவு, அங்கருந்து படகு வந்து ஆளுங்கள ஏத்திட்டுப் போச்சு, ஆனா எல்லாருக்கும் படகுல இடமில்ல, 130க்கும் மேல செத்துப்போனாங்க. கரையில நின்னுகிட்டு படகு தூரமாப் போறதப் பாத்தவங்கள நெனச்சா எனக்கு இப்பவும் தொண்ட அடைக்குது.

தப்பிச்சவங்க ஹச்சிஜோவுல அடுத்தவங்க நிலத்துல கஷ்ட ஜீவனம் பண்ணாங்க. அங்கயே பஞ்சம், இதுல இவங்க வேற. ஊருக்குத் திரும்பணும்னு எத்தனையோ தடவ கிளம்பிப் பாத்தாங்க, நடுவுல குரோஷியோங்கற நீரோட்டம் ஓடுது, அது படகுகள எங்கயோ இழுத்துட்டுப் போயிடும், பல பேரு கடலோட போயிட்டாங்க. அப்புறம் சசாகி ஜிரொதயூன்னு ஒருத்தர் 1817ல தலைவராகி, அவசரப்படாம திட்டம் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஆளுங்கள அனுப்பி, சாம்பல் மூடிக் கெடந்த நிலத்தத் திருத்தி, 1824 வாக்குல எல்லாரையும் கொண்டுபோய்ச் சேத்தாரு. அந்த நிலத்த முறைப்படி அளந்து முடிச்சது 1835ல, வெடிச்சு சரியா 50 வருஷம். எரிமலை வெடிச்சப்போ அவரு இளவட்டம், திரும்பி வரும்போது கிழவர்.

இந்தத் திரும்பி வந்து குடியேறினதுக்கு அவங்க சொல்ற வார்த்தை கன்ஜூ. பிற்காலத்துல ஹச்சிஜோவுக்கும் தீவுக்கும் நடுவுல ஓடின கப்பலுக்குக்கூட கன்ஜூ மருன்னுதான் பேரு வச்சிருந்தாங்க. தீவுல ஹைஸ்கூல் கிடையாது, அதனால ஒம்பதாங் கிளாஸ் முடிச்ச பசங்க பதினஞ்சு வயசுல வெளியூர் கிளம்பியாகணும், அந்தக் காலத்துப் பசங்க பலரும் பெட்டியத் தூக்கிட்டு ஏறினது அந்தக் கப்பல்லதான்.