கெடுத்துப் பார்த்துப் படிக்க வேண்டிய தேர்வு

வணக்கம் நேயர்களே.

கணினி நிர்வாகத்தில் 'சி.கே.ஏ.' என்று ஒரு தேர்வு இருக்கிறது. விரித்துச் சொன்னால் சர்டிஃபைடு குபர்நெட்டீஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். கன்டெய்னர் தொழில்நுட்பத்தில் வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் பலர் இதைத்தான் எழுதுகிறார்கள். சனி, ஞாயிறுகளில் சிலருக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "அண்ணா, எந்த வீடியோ பார்க்கணும்?" என்றுதான்.

வீடியோ பாருங்கள், தப்பில்லை. ஆனால் இந்தத் தேர்வில் நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள். உங்கள் முன்னால் நிஜமான ஒரு கிளஸ்டர் (சேர்ந்து வேலை செய்யும் கணினிகளின் கூட்டம்), கட்டளை அடிக்க ஒரு திரை, அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்தில் 15 முதல் 20 வேலைகள். இந்த நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) விழுந்து கிடக்கிறது, எழுப்பு. இந்த மென்பொருளை வெளியிலிருந்து அணுக முடியவில்லை, சரிசெய். இப்படித்தான் கேள்விகள் இருக்கும். எந்த வழியில் போனீர்கள் என்பது முக்கியமில்லை, கடைசியில் அது ஓடுகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 66 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி.

இந்தத் துறைக்கு வெளியிலிருந்து கேட்பவர்களுக்காக, கன்டெய்னர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, ஒரே கிணறு, ஒரே வாசல். உள்ளே ஐந்தாறு குடும்பம், ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிப் பூட்டு. கன்டெய்னரும் அப்படித்தான். ஒரு லினக்ஸ் கணினியின் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியை, பல மென்பொருள்கள் பொதுவில் வைத்துக்கொண்டு, ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாமல் குடியிருக்கின்றன. நடுவில் எழுப்பிய சுவருக்கு நேம்ஸ்பேஸ் என்று பெயர். வீட்டுக்கு இத்தனை குடம் தண்ணீர் என்று வீட்டுக்காரர் அளந்து விடுவதைப் போல, மெமரியையும் சி.பி.யூ.வையும் அளந்து விடும் ஏற்பாட்டுக்கு சி-குரூப் என்று பெயர். இது 2008-ல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. 2013-ல் டாக்கர் வந்த பிறகுதான், சாதாரண புரோகிராமர் ஒருவர் தன் மடிக்கணினியிலேயே இப்படி ஒரு குடித்தனம் வைப்பது எளிதானது.

ஒரு வீடு என்றால் வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வார். ஆயிரம் குடித்தனம் நூறு கணினிகளில் பரந்து கிடந்தால்? எதை எங்கே குடிவைப்பது, ஒன்று விழுந்தால் மறுபடி யார் எழுப்புவது? அதைப் பார்த்துக்கொள்வதுதான் குபர்நெட்டீஸ். கூகுள் 2014-ல் இதை வெளியிட்டது. 2015-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. அதே சமயம் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் சி.என்.சி.எஃப். என்ற அமைப்பை உருவாக்கி, அதன் கையில் ஒப்படைத்தார்கள். தேர்வை நடத்துவதும் அவர்கள்தான். குபர்நெட்டீஸ் என்பது கிரேக்கச் சொல், கப்பலின் சுக்கானைப் பிடிப்பவர் என்று பொருள். பழந்தமிழில் மீகாமன் என்போமே, அவர்தான். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு இந்த மென்பொருள் மேல் ஒரு பிரியம் உண்டு.

சரி, தேர்வுக்கு வருகிறேன். பாடத்திட்டத்தை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். சேமிப்புக்கு 10 விழுக்காடு, வேலைகளைப் பங்கிட்டு ஓட்டுவதற்கு 15, நெட்வொர்க்குக்கு 20, கிளஸ்டரை நிறுவி அமைப்பதற்கு 25. மிச்சமிருக்கும் 30 முழுவதும் பழுது கண்டுபிடிப்பதற்கு. இந்த 30-ஐத்தான் பலரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். நானும் தள்ளிவைத்தேன்.

முதல் தடவை நான் எழுதியபோது புதிதாக ஒன்றை உருவாக்கு என்ற கேள்விகளையெல்லாம் வேகமாக முடித்தேன். பிறகு, ஒரு நோட் 'நாட் ரெடி' என்று நிற்கிறது, சரிசெய் என்றொரு கேள்வி. அதுவரை என் பயிற்சியில் எந்த நோடும் விழுந்ததே கிடையாது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. இணையப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக 25 நிமிடம் போய்விட்டது. அந்தப் பதற்றத்தில் அடுத்த இரண்டு கேள்விகளையும் அரைகுறையாகப் படித்தேன். ஒன்றில் கேட்ட நேம்ஸ்பேஸை விட்டுவிட்டு வேறொன்றில் செய்து வைத்திருக்கிறேன். மறுநாள் மின்னஞ்சல் வந்தது: 59.

நேம்ஸ்பேஸ் என்ற சொல்லைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். முன்பு சொன்ன லினக்ஸ் சுவர் வேறு, குபர்நெட்டீஸில் வரும் நேம்ஸ்பேஸ் வேறு. இது ஒரே கிளஸ்டருக்குள் பெயர்களைப் பிரித்து வைக்கும் பகுதி. கேள்வியில் இன்ன நேம்ஸ்பேஸில் என்று கேட்டிருந்தால், அங்கே செய்தால்தான் மதிப்பெண். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலக் கேள்விகளை நினைத்துப் பயப்படுகிறார்கள். அந்த ஆங்கிலம் மிக எளிமையானது, உருவாக்கு, மாற்று, இணை என்ற அளவில்தான் இருக்கும். பயமே வேண்டாம். எந்தக் கணினி, எந்த நேம்ஸ்பேஸ், என்ன பெயர் என்ற மூன்றையும் விரல் வைத்துப் படிப்பதுதான் வேலை.

இரண்டாம் முறை எழுத எனக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரமும் என்னைக் காப்பாற்றியவர் அலுவலக நண்பர் ஒருவர். தினமும் மாலை நான் டீ குடிக்கப் போவேன். திரும்பி வருவதற்குள் என் கிளஸ்டரில் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைத்திருப்பார். என்ன செய்தார் என்று சொல்லமாட்டார். கெட்டதை நான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நாள் வந்து பார்த்தால் எல்லா நோடும் நலம். ஆனால் புதிதாக எந்த 'பாட்'-ஐக் கிளப்பினாலும் 'பெண்டிங்' என்றே நிற்கிறது. பாட் என்பது கன்டெய்னரைப் போட்டு வைக்கும் உறை. பெண்டிங் என்றால் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை என்று பொருள். வழக்கம்போல 'டிஸ்கிரைப்' கட்டளையைக் கொடுத்துக் கீழே வரும் நிகழ்வுப் பட்டியலைப் பார்த்தேன். மெமரி போதவில்லை என்றால் அங்கே எழுதியிருக்கும். சி.பி.யூ. போதவில்லை என்றாலும் எழுதியிருக்கும். அன்று அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஒரு வரிகூட இல்லை.

அந்த வெறுமையையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. இடம் இல்லை என்ற காரணத்தை அங்கே எழுதுவது யார்? இடம் ஒதுக்கும் ஷெட்யூலர். அது எதுவுமே எழுதவில்லை என்றால், எழுத ஆளே இல்லை. உடனே கிளஸ்டரின் சொந்தப் பாகங்கள் ஓடும் கியூப்-சிஸ்டம் என்ற பகுதிக்குப் போனேன். ஷெட்யூலர் எழ முடியாமல் கிடந்தது. அதன் கோப்பு இருக்கும் இடம் கிளஸ்டரின் தலைமைக் கணினியில் ஈ.டி.சி., குபர்நெட்டீஸ், மேனிஃபெஸ்ட்ஸ் என்ற அடைவு. திறந்து பார்த்தால், இமேஜின் (கன்டெய்னரை உருவாக்க உதவும் அச்சு) பெயரில் ஒரே ஓர் எழுத்தை நண்பர் மாற்றியிருந்தார். திருத்திச் சேமித்தேன். நிமிடம் ஆவதற்குள் அத்தனை பாடுகளும் வரிசையாக எழுந்தன. எந்த வீடியோவைப் பார்த்தும் இது எனக்கு இப்படிப் பதிந்ததில்லை.

இன்னொரு நாள், பெயரைக் கொடுத்தால் ஐ.பி. எண்ணைச் சொல்லும் கோர்-டி.என்.எஸ்.ஸில் ஓடும் பாடுகளின் எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாகக் குறைத்துவிட்டார். ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் ஒரு பாட் இன்னொன்றிடம் பேசுகிறது, பெயரைக் கொடுத்தால் பேச மறுக்கிறது. மற்றொரு நாள், வரும் கோரிக்கைகளைப் பாடுகளுக்கு அனுப்பிவைக்கும் சர்வீஸில், எந்தப் பாடுகள் என்று அடையாளம் சொல்லும் லேபிளில் ஓர் எழுத்தைத் தின்றுவிட்டார். சர்வீஸ் இருக்கிறது, பாடும் ஓடுகிறது, ஆனால் சர்வீஸின் எண்ட்பாயிண்ட், அதாவது அது அனுப்பவேண்டிய பாடுகளின் முகவரிப் பட்டியல், காலி. சர்வீஸில் இருக்கும் லேபிளையும் பாடில் இருக்கும் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால்தான் தெரியும்.

நோட் 'நாட் ரெடி' என்று நின்றால் போகவேண்டிய வழியும் இப்படித்தான் கைக்கு வந்தது. அந்தக் கணினிக்குள் நுழையுங்கள். ஒவ்வொரு நோடிலும் குபலெட் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அந்தக் கணினியின் காரியஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓடுகிறதா என்று 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையால் பாருங்கள். நின்றுகிடந்தால் கிளப்புங்கள். கிளப்பியும் விழுந்தால் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் அதன் புலம்பலைக் கடைசி இருபது வரி படியுங்கள். பெரும்பாலும் ஒரு கோப்பின் பாதை தவறாக இருக்கும், அல்லது ஒரு சான்றிதழ்க் கோப்பு சொன்ன இடத்தில் இருக்காது. சில சமயம் கிளஸ்டரின் வாசலான ஏ.பி.ஐ. சர்வரே விழுந்து, 6443-ஆம் போர்ட்டில் ஆளில்லை என்று வரும். அப்போது குபர்நெட்டீஸின் கட்டளை எதுவும் வேலை செய்யாது. 'கிரைசிடிஎல்' என்ற கட்டளையைக் கொண்டு நேராகக் கன்டெய்னர்களையே பார்க்கப் பழகியிருக்க வேண்டும்.

கெடுத்துப் பழக உங்களுக்கென்று ஒரு கிளஸ்டர் வேண்டும். பெரிய செலவில்லை. 8 ஜி.பி. மெமரி உள்ள மடிக்கணினியில் இரண்டு விர்ச்சுவல் மெஷினை ஏற்றி, குபடம் என்ற கருவியால் நீங்களே நிறுவிக்கொள்ளலாம். முதல் தடவை அரை நாள் ஆகும். அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். நான்காவது தடவை அரை மணியில் முடியும். அந்த நான்கு தடவையில், 25 விழுக்காடு பகுதியில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். கெடுத்து வைக்க நண்பர் இல்லாதவர்கள், தேர்வுக்குப் பணம் கட்டியதும் கிடைக்கும் கில்லர் டாட் எஸ்.எச். மாதிரித் தேர்வு இரண்டையும் வீணாக்காதீர்கள். உண்மைத் தேர்வைவிட அது கடினம். அதில் குறைந்துவிட்டதே என்று மனம் உடைய வேண்டாம்.

என்ன வேண்டும் என்று குபர்நெட்டீஸுக்கு எழுதிக் கொடுக்கும் யாமல் கோப்புகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கையால் முதலிலிருந்து எழுதாதீர்கள். 'டிரை-ரன்' என்பதோடு யாமல் வடிவில் காட்டு என்றும் சேர்த்துக் கட்டளை கொடுத்தால் எலும்புக்கூட்டை அதுவே எழுதிக் கொடுக்கும், சதையை மட்டும் நீங்கள் வையுங்கள். யாமலில் டேப் கூடாது, இடைவெளிதான். 'வி.ஐ.' எடிட்டரில் ஒரு வரியை வெட்டவும் ஒட்டவும் தள்ளிவைக்கவும் விரல் தானாகப் போக வேண்டும். தேர்வில் குபர்நெட்டீஸின் அதிகாரபூர்வ ஆவணப் பக்கங்களைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. எனவே மனப்பாடம் வேண்டாம். எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டணம் 400 டாலருக்கு மேல். நம் ஊரில் பல வீடுகளில் அது ஒரு மாத வருமானம். ஆண்டுக் கடைசியில், நவம்பர் வாக்கில் தள்ளுபடி வருவது வழக்கம், காத்திருந்து வாங்குங்கள். வாங்கிய நாளிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. தவறினால் கட்டணமில்லாமல் இன்னொரு முறை எழுதலாம். தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். தேர்வின் ரகசிய ஒப்பந்தத்தை மீறிய குற்றத்துக்குச் சான்றிதழே பறிபோகலாம். தவிர, செய்துகாட்டும் தேர்வில் அது உதவவும் உதவாது.

வீட்டிலிருந்தே எழுதுவதால் இரண்டு விஷயம் நம்மவர்களைத் தடுக்கிறது. ஒன்று, பெயர். பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்கோ ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பதிவு செய்யும்போதே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருப்பதை அப்படியே நிரப்புங்கள். மற்றொன்று, அறை. வேறு யாரும் உள்ளே வரக் கூடாது, மேசை மேல் காகிதம் கூடாது. கேமராவைத் திருப்பி மேசைக்கு அடியையும் சுவரையும் காட்டச் சொல்வார்கள். என்னிடம் படித்த தங்கை ஒருத்தி ஒரே அறை கொண்ட வீட்டில் இருப்பவள். தேர்வு நேரத்தை விடியற்காலைக்குப் பதிவு செய்துகொண்டு, அம்மாவையும் தம்பியையும் மாடிவீட்டு அக்காவிடம் அனுப்பிவிட்டு எழுதித் தேறினாள். மின்சாரம் போனால் மோடமும் அணைந்துவிடும், அதற்கும் ஓர் இன்வெர்ட்டர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் யாரிடமாவது ஏற்கெனவே ஒரு பயிற்சிக் கிளஸ்டர் இருந்தால், இன்று இரவே ஒன்று செய்யுங்கள். தலைமைக் கணினியின் மேனிஃபெஸ்ட்ஸ் அடைவிலிருந்து ஷெட்யூலரின் கோப்பை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஒரு 'பாட்'-ஐக் கிளப்பி, அது பெண்டிங்கில் நிற்பதையும் நிகழ்வுப் பட்டியல் வெறுமையாக இருப்பதையும் பாருங்கள். பார்த்த பிறகு கோப்பைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். எதையும் அடிக்க வேண்டாம், ஒரு நிமிடம் காத்திருங்கள். அந்தப் பாட் தானாக எழுந்து 'ரன்னிங்' என்று மாறும்.

வணக்கம்.