மட்டன் என்றால் எந்த ஆடு?

அவைத் தலைவர் அவர்களே, வீடு தேடி வந்து என்னை அழைத்த வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கால்நடை மருத்துவர் அவர்களே, பந்தலும் நாற்காலியும் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, ஆட்டைக் கிடையில் மடக்கிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். சந்தையில் ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தந்த தலைவர் அம்மாவுக்கு நன்றி சொல்லாமல் எனக்குப் பேச்சு வராது. நன்றி அம்மா.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். மட்டன் என்ற சொல் எங்கே பிறந்தது, நம் ஊருக்கு வந்து என்ன ஆனது, கறி என்ற நம் சொல்லின் கதை என்ன.

என் அப்பத்தா அடிக்கடி ஒரு சொலவடை சொல்லும்: "எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?" அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1066-இல் பிரான்சில் உள்ள நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு கடல் தாண்டி வந்து, ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று, இங்கிலாந்துக்கு அரசனானான். அரண்மனையிலும் மாளிகையிலும் பிரெஞ்சு பேசினார்கள். காட்டில் ஆடு மேய்த்தவன் தன் பழைய ஆங்கிலத்தையே பேசினான். அவன் மேய்த்தது ஷீப். மாளிகைத் தட்டுக்குப் போனதும் அதற்கு மோட்டோன் என்று பெயர். அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்தான் ஆங்கிலத்தில் மட்டன் ஆனது. மாட்டுக்கு பீஃப், பன்றிக்கு போர்க் வந்ததும் இதே வழியில்தான். இந்த வேற்றுமையை வால்டர் ஸ்காட் 1819-இல் தன் நாவலில் ஒரு பன்றி மேய்ப்பவனையும் கோமாளியையும் பேசவிட்டு உலகறியச் செய்தார். ஒரே நாளில் கோடு போட்டதுபோல் பிரிந்துவிடவில்லை. பல காலம் இரண்டு சொற்களும் கலந்தேதான் புழங்கின. இருந்தாலும் வளர்த்தவனுக்கு ஒரு சொல், தின்றவனுக்கு ஒரு சொல். எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?

பிரெஞ்சுக்கும் அந்த மோட்டோன் சொந்தச் சொல் இல்லை. அதற்கு முன்பே, 'கால்' (Gaul) என்று அழைக்கப்பட்ட பழைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டியர் என்ற மக்களிடமிருந்து வந்தது என்கிறார்கள். வேல்ஸ் மொழியில் மோல்ட், அயர்லாந்து மொழியிலும் மோல்ட். பொருள், காயடித்த செம்மறிக் கிடா. ஆக, வேரைத் தோண்டினால் அங்கே நிற்பது ஒரு மேய்ப்பனின் சொல்! மந்தையில் எது பொலிகிடா, எது காயடித்தது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவனின் சொல்.

சரி, நம் ஊருக்கு வருவோம். என் பெரியப்பா நாற்பது வருஷம் செம்மறி மேய்த்தவர். ஒருமுறை நகரத்துக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போனபோது, ஒரு பெரிய ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். அட்டையைப் பார்த்து மட்டன் குழம்பு சொன்னேன். பெரியப்பா பரிமாறுகிற பையனைக் கேட்டார்: "என்ன ஆடு தம்பி?"

"மட்டன்யா."

"அது சரிப்பா. வெள்ளாடா, செம்மறியா?"

பையன் உள்ளே போய் மாஸ்டரைக் கூட்டிவந்தான். மாஸ்டர், "நல்ல மட்டன்யா, காலையில வந்தது" என்றார். அப்புறம் கல்லாவிலிருந்து மேலாளரே எழுந்து வந்தார். அவரும் மட்டன் என்றுதான் சொன்னார். மூன்று பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் ஆடு தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்குக் கூச்சம். பெரியப்பா ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். முடித்துவிட்டுத் தட்டை என் பக்கம் திருப்பினார். ஆறிப்போன குழம்பின் ஓரத்தில் கொழுப்பு மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. விரலால் வழித்துக் காட்டி, "செம்மறிடா. நம்ம ஆடு. பேரச் சொன்னா என்னவாம்?" என்றார். அவர் குரல் கம்மியதை இன்றுவரை மறக்கவில்லை.

இங்கிலாந்தில் மட்டன் என்றால் வளர்ந்த செம்மறி. இங்கே வெள்ளாட்டுக்கும் அதே பெயர். கறிக்கடையிலாவது வாலைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம். ஓட்டல் தட்டில் வால் ஏது? வெள்ளாட்டு விலைக்குச் செம்மறி விற்றால், அந்த வித்தியாசம் மேய்த்தவன் கைக்கு வராது. மேச்சேரி, வேம்பூர், ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் என்று ஊர்ப்பெயரும் மண்பெயரும் தாங்கிய செம்மறி இனங்கள் நம்மிடம் இருக்கின்றன. கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு என்று வெள்ளாடுகள் இருக்கின்றன. அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு மண்ணுக்கு உரம் தருகிறவர்கள் இதோ பின்வரிசையில் இருக்கிறார்கள். இத்தனையையும் ஒரே சொல்லில் மூடிவிடலாமா? எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா?

அதனால் வணிகர் சங்கப் பெரியவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். நம் பேரூரில் உள்ள ஒவ்வொரு ஓட்டல் பலகையிலும் 'வெள்ளாட்டுக்கறி', 'செம்மறிக்கறி' என்று தனித்தனியாக எழுதுங்கள். விலையும் தனித்தனியாகப் போடுங்கள். மட்டன் என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. அதன் பக்கத்தில் ஆட்டின் பெயர் வேண்டும்.

மூன்றாவது செய்தி, கறி. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு. பட்டினப்பாலையில் 'கருங்கறி மூடை' வருகிறது. அதை விரிக்க நேரம் இல்லை, கால்நடை மருத்துவர் பேசக் காத்திருக்கிறார். வாசலில் மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள், வீட்டில் என்ன ஆடு வளர்க்கிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வணக்கம்.