கடைசி அளவு வந்த நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் வளர்ப்பவர்களுக்கு விடியற்காலை மூன்று மணி முதல் ஐந்தரை மணி வரையிலான பொழுது எப்படிப்பட்டது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் வெயிலை வாங்கிக் குளத்து நீருக்கு ஆக்ஸிஜனைக் கொடுக்கும் அதே நுண்பாசி, இருட்டிய பிறகு இறாலோடு சேர்ந்து அந்த ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்குவதால், நீரில் கரைந்துள்ள அளவு மணிக்கு மணி இறங்கி, சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் மிகவும் தாழ்ந்து நிற்கிறது. லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்வரை கவலை இல்லை. 3-க்குக் கீழே போனால் இறால் தீனி எடுக்காமல் தளர்கிறது. அதற்கும் கீழே போனால் மேலே வந்து கரையோரம் ஒதுங்குகிறது. அந்த நேரத்தில் டார்ச் விளக்கோடு கரையைச் சுற்றி வந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அந்த அலைச்சலைக் குறைப்பதற்காகவே, குளத்தில் ஒரு சென்சாரை இறக்கி, அது அளப்பதைக் கம்பியில்லாமல் அனுப்பி, கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் எண்ணாகவும் கோடாகவும் தெரியும்படி செய்யும் வேலையில் நான் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். அந்தப் பக்கத்தைத்தான் டாஷ்போர்டு என்கிறோம். இன்று அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த எண் எப்போது வந்தது என்பதைப் பாருங்கள்.

குளத்திலிருந்து கைப்பேசி வரை அளவு எப்படிப் பயணம் செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருக்கும் வைஃபை, குளம் வாசலிலேயே இருந்தால் போதும். தொலைவில் இருக்கும் குளத்துக்கு அது எட்டாது. அதற்கு லோரா என்னும் முறை இருக்கிறது. ஒரு முறைக்குச் சில பத்து எழுத்துகளை மட்டும் அனுப்பும். ஆனால் மிகக் குறைந்த மின்சாரத்தில், திறந்த வெளியில் சில கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிவிடும். நம் நாட்டில் இதற்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத்தக்க அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. அமெரிக்காவுக்கென்று செய்த 915 மெகாஹெர்ட்ஸ் கருவிகளும் இணையத்தில் விற்கின்றன, அவற்றை வாங்கிவிடாதீர்கள். இடையில் சவுக்குத் தோப்பு இருந்தால் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டுங்கள்; விலை கூடிய கருவியை விட உயரமான மூங்கில் அதிகம் உதவும் என்பது என் அனுபவம்.

குளத்துக் கருவி சொல்வதை வீட்டு மாடியில் உள்ள கேட்வே என்னும் பெட்டி வாங்கி, இணையம் வழியாக, தகவலைச் சேர்த்து வைக்கும் சர்வர் என்னும் கணினிக்கு அனுப்புகிறது. அங்கே பெரும்பாலும் எம்கியூடிடி என்னும் முறை வேலை செய்கிறது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999-ல் உருவாக்கப்பட்ட முறை இது. நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியைப் போன்றதுதான்: நிலையம் ஒரு பெயரில் ஒலிபரப்புகிறது, வேண்டியவர்கள் அந்த அலைவரிசையைத் திருப்பிக் கேட்கிறார்கள். ஆனால் வானொலிக்கும் அதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வானொலி நின்றுவிட்டால் இரைச்சல் கேட்கும், நின்றுவிட்டது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். டாஷ்போர்டு நின்றுவிட்டால் அப்படித் தெரிவதில்லை.

இதை நான் கற்றுக்கொண்ட இரவைச் சொல்கிறேன். நண்பர் ஒருவருடைய பண்ணையில் நானே இந்த அமைப்பைப் பொருத்திக் கொடுத்திருந்தேன். குளத்துக்கு ஒரு மின் இணைப்பு, வீட்டுக்கு வேறொரு இணைப்பு. டீசல் செலவையும் கரண்ட் பில்லையும் நினைத்து, தண்ணீரைக் கலக்கிக் காற்றூட்டும் ஏரேட்டர்களில் பாதியை மட்டும் இரவில் ஓட்டி, அளவு 4-ஐ நெருங்கும்போது மீதியையும் போடுவது அவர் வழக்கம். அன்று இரவு பதினொரு மணிவாக்கில் வீட்டுப் பக்கத்து மின்கம்பத்தில் ஃபியூஸ் போய்விட்டது. கேட்வேயும் ரௌட்டரும் அணைந்துவிட்டன. குளத்து இணைப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன, சென்சாரும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தவறாமல் அளந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொள்ளத்தான் யாரும் இல்லை. நண்பர் இரண்டு மணிக்கு எழுந்து கைப்பேசியைப் பார்த்தார், பச்சை நிறத்தில் 5.4 என்று இருந்தது. நான்கு மணிக்கு மறுபடியும் பார்த்தார், அதே பச்சை, அதே 5.4. நிம்மதியாகப் படுத்துவிட்டார். ஐந்து மணிக்குக் காவலாள் வந்து கதவைத் தட்டியபோது, தென்கரை ஓரம் முழுக்க இறால் ஒதுங்கி நின்றது. எல்லா ஏரேட்டர்களையும் போட்டு, கிடைத்த ஆட்களைக் கொண்டு தண்ணீரைக் கலக்கியும், ஒரு பகுதியைக் காப்பாற்ற முடியவில்லை.

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது அவர் கோபப்படவில்லை. "சார், போன்ல 5.4தானே காட்டிச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது. ஏனென்றால் அந்தப் பக்கத்தை வடிவமைத்தவன் நான். புதிதாகத் திறப்பவருக்கு வெற்றுப் பக்கம் தெரியக்கூடாதே என்று, கடைசியாக வந்த அளவைச் சர்வரே வைத்திருந்து காட்டும் வசதியை நான்தான் போட்டிருந்தேன். இரவு 10.55-க்கு வந்த எண்ணை, நான்கு மணியின் எண்ணைப் போல அது காட்டிக்கொண்டிருந்தது.

உயிருள்ள குளத்தில் இரவு முழுவதும் ஒரே அளவு நிற்காது என்பதையும் அன்றைக்கே நான் அவருக்குச் சொன்னேன். கோடு மெல்ல இறங்குவதுதான் இயல்பு. நேராகக் கிடந்தால் ஏதோ ஒன்று நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு நான் செய்யும் டாஷ்போர்டுகளில், எண்ணுக்கு மேலே, எண்ணை விடப் பெரிய எழுத்தில், "அளந்து 3 நிமிடம் ஆகிறது" என்று எழுதியிருக்கும். பதினைந்து நிமிடம் ஆகியும் புது அளவு வராவிட்டால் எண்ணே மறைந்துபோய், "தகவல் இல்லை" என்று சிவப்பில் வரும். ஆக்ஸிஜன் குறைந்தால் எப்படிக் கைப்பேசி அலறுமோ, அதே சத்தத்தோடு அலறும். எம்கியூடிடியில் இதற்கென்றே ஒரு வசதியும் உண்டு. கடலுக்குப் போகும்போது, "நாளைக்குப் பொழுது சாய்வதற்குள் கரைக்கு வராவிட்டால் தேடி வாருங்கள்" என்று நம் மீனவர்கள் சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள் அல்லவா? அதைப் போலவே, கேட்வே சர்வரோடு இணையும்போதே, "என் தொடர்பு அறுந்துபோனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பிவிடு" என்று ஒன்றை ஒப்படைத்து வைக்கலாம். அறுபது நொடிக்கு ஒரு முறை குரல் கொடுப்பதாக அது ஒப்புக்கொண்டிருந்தால், தொண்ணூறு நொடி பார்த்துவிட்டுச் சர்வர் அந்தச் செய்தியை அனுப்பிவிடும். ஆனால் இது கேட்வேக்கு மட்டுமே பொருந்தும். குளத்திலுள்ள கருவி மின்சாரத்தை மிச்சப்படுத்த அளவுக்கும் அளவுக்கும் இடையில் தூங்கிவிடுவதால், அதன் மௌனத்தைச் சர்வர்தான் கடிகாரத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

நேரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல டாஷ்போர்டுகள் நாம் மாற்றாதவரை உலகப் பொது நேரத்தையே காட்டும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. விடியற்காலை நாலரை மணிக்கு எடுத்த அளவு, முந்தைய நாள் இரவு பதினொரு மணி அளவாகத் தோன்றும். நமக்கு மிகவும் வேண்டிய அந்த விடியற்காலச் சரிவு, யாரும் கவனிக்காத முன்னிரவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்த இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய இரவுகளில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் ஒன்றாகப் போய்விடும். அப்போது கருவி தான் அளந்ததைத் தன்னிடமே சேர்த்து வைத்து, தொடர்பு திரும்பியதும் மொத்தமாக அனுப்ப வேண்டும். ஒவ்வொரு அளவோடும் அளந்த நேரத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும்; வந்து சேர்ந்த நேரத்தைச் சர்வர் போட்டுக்கொண்டால், ஓர் இரவின் அளவுகள் முழுவதும் ஒரே நிமிடத்தில் குவிந்து கிடக்கும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பேட்டரியையும் சென்சாரின் பராமரிப்பையும் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். கேட்வேக்கும் ரௌட்டருக்கும் ஒரு சிறிய யுபிஎஸ் வையுங்கள். இறால் குளத்தில் சென்சாரின் முனையில் சில நாள்களிலேயே வழவழப்பான படலம் படிந்துவிடும். வாரம் ஒரு முறையாவது மேலே எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்து, நூறு சதவீதத்துக்கு அருகில் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் இறக்குங்கள். துடைத்த தேதியை ஏரேட்டர் சுவிட்சுப் பெட்டியின் மேல் சாக்பீஸால் எழுதி வையுங்கள். வணக்கம்.