தாளில் எழும்பும் தெரு

வணக்கம் நேயர்களே. ஓவியம் என்றதுமே, "எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது" என்று நழுவுகிறவர்கள் நிறையப் பேர். நான் சொல்ல வந்த கலையில் கோடு கொஞ்சம் கோணினால்தான் அழகு. நாமே வண்ணம் பூசிய தாள்களைக் கிழித்து, வெட்டி, ஒட்டி, நாம் தினமும் நடக்கிற தெருவை எழுப்புவது. கொலாஜ் என்பார்கள், ஒட்டுச்சித்திரம் என்றும் சொல்லலாம்.

முதல் வேலை, தாளுக்கு வண்ணம் பூசுவது. அப்போது தெருவை மறந்துவிடுங்கள். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் ஏற்க மாட்டார்கள். சுவருக்கு இந்த மஞ்சள், கதவுக்கு இந்தப் பச்சை என்று அளந்து பூசினால் தாளில் உயிர் இருக்காது. ஒரு தாளில் காய்ந்த பிரஷைத் தேயுங்கள். இன்னொன்றில் ஈரம் காயுமுன் பழைய சீப்பை இழுங்கள். கசக்கிய பிளாஸ்டிக் தாளை அழுத்தி எடுங்கள். முப்பது தாள் சேர்ந்த பிறகு தெருவுக்குப் போகலாம்.

ஒருமுறை நான் காவி பூசிய தாளில் தண்ணீர் கொட்டிவிட்டது. எறிய மனம் வராமல் மூலையில் போட்டுவைத்தேன். பல மாதம் கழித்து, மழைநீர் வழிந்து கறை பிடித்த ஒரு பக்கச்சுவர் தேவைப்பட்டது. எவ்வளவு முயன்றும் பிரஷுக்கு வராத கறை, அந்தத் தாளில் தயாராக இருந்தது.

பூசிய தாளை வெட்டுவது புதிதல்ல. 1941-இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடமாட்டம் குறைந்த பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ், உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே பெரிய படங்களை ஆக்கினார். தெருவென்றால் எனக்கு அமெரிக்க ஓவியர் ரொமேர் பியர்டன்தான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதித் தெரு ஒன்றை 1971-இல் 6 பலகைகளில், சுமார் 18 அடி நீளத்துக்கு ஒட்டினார். முதலில் காட்சிக்கு வைத்தபோது தெருச் சத்தங்களைப் பதிவுசெய்து கூடவே ஒலிக்கவிட்டார்கள். வானொலியில் இதைச் சொல்லாமல் விட முடியுமா!

சரி, வெட்டுவதா கிழிப்பதா? புதுக் கட்டடம், ஜன்னல் சட்டம் என்றால் கத்தரிக்கோல். பழைய சுவர், மரம், மேகம் என்றால் கை. ஒரு பக்கம் மட்டும் பூசிய தாளைக் கிழித்தால், இரண்டு துண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் தாளின் வெள்ளை தெரியும். கிழிக்கும் திசையை மாற்றினால் அது மற்றத் துண்டுக்குப் போகும். காரை பெயர்ந்த சுவருக்கு அந்த வெள்ளை ஓரம் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒட்டும்போது தூரத்திலிருந்து கிட்டத்துக்கு வாருங்கள். வானம், பின்னால் உள்ள கட்டடங்கள், முன்சுவர், கடைசியாக மின்கம்பிகள். பசை தடவுமுன், எல்லாவற்றையும் சும்மா அடுக்கிக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். வெயில் பக்கமும் நிழல் பக்கமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எத்தனை நிறம் போட்டாலும் தெரு தட்டையாகத்தான் கிடக்கும். நிழலுக்கு இன்னும் கருத்த தாளைத் தேடுங்கள்.

பசையை மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். ஒட்டுகிற அட்டை வளைந்தால் அதன் பின்பக்கமும் ஒரு வெறுந்தாளை ஒட்டுங்கள், இழுப்பு சமமாகிவிடும். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், நாளடைவில் பழுத்துவிடும்.

மனிதர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முகம் வரையப் போகாதீர்கள். வேலை முடிந்ததும் தரையைக் கூட்டுவதற்கு முன் ஒருமுறை குனிந்து பாருங்கள். நகக்கண் அளவில் ஒரு சிவப்பு, அதைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு கிடக்கும். சிவப்பின் மேல் கறுப்பைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். யாரோ ஒருவர் தலையைக் குனிந்தபடி உங்கள் தெருவில் நடந்து போவார்.

நன்றி, வணக்கம்.